சித்தப்பா நடத்திய மாந்தோப்பு, விற்ற நிலம்: மைனர் பிள்ளைகளின் பங்கைக் காப்பாற்ற இப்போதே என்ன செய்யணும்?

பர்கூர்_ரோடு
பிள்ளைகளின் தாய்மாமன் சார்பில் கேட்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம். அப்பா 2020-ல் உயில் இல்லாமல் இறந்துவிட்டார். இருப்பவர்கள் மனைவி, மகள் (இப்போது 17), மகன் (13), இறந்தவரின் அம்மா, தம்பி.

சொத்து இரண்டு. அப்பா தன் பெயரில் கிரயம் வாங்கிய மாந்தோப்பு 2 ஏக்கர் 10 சென்ட். தாத்தா வழியில் வந்த புன்செய் 1 ஏக்கர் 60 சென்ட், இது அண்ணன் தம்பி இருவர் பெயரில் கூட்டுப்பட்டா.

நடந்தது: 2022-ல் தோப்பில் 60 சென்ட் விற்கப்பட்டது. பத்திரத்தில் அம்மா தனக்காகவும், மைனர்களின் கார்டியனாகவும் கையெழுத்து, பாட்டியும் கையெழுத்து. கோர்ட் அனுமதி இல்லை. 2024-ல் புன்செயில் 25 சென்ட்டைச் சித்தப்பா "குடும்பத் தலைவரும் மைனர்களின் கார்டியனும்" என்று போட்டுத் தனியாக விற்றிருக்கிறார். நாலு பருவமாகத் தோப்புக் குத்தகைப் பணத்துக்குக் கணக்கு இல்லை. இப்போது 5 வருஷக் குத்தகைப் பத்திரத்தில் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறார். இன்னொரு 40 சென்ட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியதாகவும் பேச்சு. "பொண்ணுக்கு 18 ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஊரில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

கோர்ட்_வராண்டா
காத்திருக்க வேண்டாம். முதலில் அந்தக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

காரணம்: இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8(2). அப்பா இல்லாதபோது அம்மாதான் இயற்கை கார்டியன். ஆனால் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம், பரிவர்த்தனை செய்யவோ முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். குத்தகைக்கும் எல்லை உண்டு: 5 வருஷத்துக்கு மேல் கூடாது, மைனர் மேஜரான நாளிலிருந்து 1 வருஷம் தாண்டியும் ஓடக்கூடாது. பெண்ணுக்கு 17 நடக்கிறது. 5 வருஷம் என்றால் அவளுக்கு 22 ஆகிவிடும். அனுமதியில்லாமல் அவள் பங்குக்கு 19 வயது வரைதான் குத்தகை விட முடியும். பையன் பங்குக்கு 5 வருஷம் சரி. ஒரே பத்திரத்தில் இரண்டையும் சேர்த்து எழுதுவதில்தான் சிக்கல். இந்தப் பருவத்துக்கு மட்டும் விட்டுக்கொள்ளட்டும், அதுவும் எழுத்தில்.

பத்திரக்கட்டு
விற்பனையைப் பற்றிப் பேசும் முன் யாருக்கு எவ்வளவு என்று போட்டுவிடுவோம். பாதி சண்டை இது தெரியாமல் நடக்கிறது.

தோப்பு அப்பாவின் சுயசம்பாத்தியம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பு வாரிசுகள் இங்கே நாலு பேர்: மனைவி, மகள், மகன், இறந்தவரின் அம்மா. தம்பி இந்தப் பட்டியலிலேயே இல்லை. 210 சென்ட்டை நாலால் வகுத்தால் ஆளுக்கு 52.5. பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 105, அதாவது சரிபாதி.

புன்செய் 160-ல் அண்ணனுக்கு 80, தம்பிக்கு 80. அது நிஜமாகவே பூர்வீகம் என்றால், அந்த 80-ல் அப்பா, மகள், மகன் மூவரும் பிறப்பால் பங்காளிகள். ஆளுக்கு 26.67. அப்பாவின் 26.67 மறுபடி நாலு வாரிசுக்கும் 6.67 வீதம் போகும். ஆகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 33.33, அம்மாவுக்கும் பாட்டிக்கும் 6.67 வீதம். பூர்வீகம் இல்லை, தாத்தா தானே வாங்கி 1956-க்குப் பிறகு இறந்தார் என்றால், அவரிடமிருந்து அப்பாவுக்கு வந்தது தனிச்சொத்து. சந்தர் சென் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். அப்போது அப்பாவுக்கு வந்த பங்கு நாலு சமபங்காகப் போகும். "பாட்டன் சொத்து" என்று வாயால் சொல்வது போதாது, தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்று மூலப்பத்திரம் பார்க்கணும்.

தென்பெண்ணை
அந்த இரண்டு விற்பனையும் சட்டப்படி ஒரே வகை இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு மூன்று வருஷத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

2022 பத்திரம்: இயற்கை கார்டியனான அம்மா அனுமதியில்லாமல் விற்றது. பிரிவு 8(3)-ன்படி அது மைனர் விரும்பினால் ரத்தாகக்கூடியது. அதுவாகச் செல்லாமல் போகாது. காலவரையறைச் சட்டம் 1963, அட்டவணையின் சரத்து 60-ன்படி மேஜரான நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் ரத்துக் கேட்கணும். நம்ம ஊர் வழக்கான முருகன் - கேசவ கவுண்டர் தீர்ப்பு (2019) இதைத் தெளிவாகச் சொல்கிறது.

2024 பத்திரம்: சித்தப்பா கார்டியன் என்று போட்டு விற்றது. சித்தப்பா இயற்கை கார்டியனும் இல்லை, கோர்ட் நியமித்தவரும் இல்லை. பிரிவு 11 அப்படிப்பட்ட ஆள் மைனர் சொத்தைக் கைமாற்றுவதை அடியோடு தடுக்கிறது. மாதேகவுடா - அங்கேகவுடா வழக்கில் அக்கா, தங்கையின் கார்டியனாக இருந்து விற்றதைச் செல்லாது என்றே சொன்னார்கள். செல்லாத பத்திரத்துக்கு 3 வருஷக் கடிகாரம் கிடையாது, உடைமை மீட்புக்கு 12 வருஷம் என்ற கணக்கு வரும்.

பத்திரக்கட்டு
தென்பெண்ணை சார், இரண்டாவதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் "குடும்பத் தலைவர்" என்றும் போட்டிருக்கிறார், கவனியுங்கள். எழுதியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. பிரிவினையாகாத கூட்டுக்குடும்பச் சொத்தைக் கர்த்தா (குடும்பத்தை நிர்வகிக்கும் தலைவர்) விற்றால் பிரிவு 8 பொருந்தாது என்று நாராயண் பால் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிவு 12-ம் கூட்டுக்குடும்பப் பங்குக்குத் தனி கார்டியன் வேண்டாம் என்கிறது. அண்ணன் இறந்தபின் குடும்பத்தில் மூத்த ஆண் தம்பிதானே?

தென்பெண்ணை
சரியான கேள்வி. அதனால்தான் புன்செயின் தன்மையை முதலில் நிரூபிக்கணும் என்கிறேன். மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, அண்ணன் தம்பி ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டார்களா: தனித்தனி வரப்பு, தனித்தனி மின் இணைப்பு, அவரவர் பெயரில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன். கூட்டுப்பட்டா இருப்பதால் மட்டும் கூட்டுக்குடும்பம் ஆகிவிடாது. இரண்டு, தாத்தாவின் சொத்து எப்படிப்பட்டது (நீங்களே மேலே சொன்னதுதான்). தனிச்சொத்து என்றால் கர்த்தா என்ற பேச்சே எழாது. மூன்று, கர்த்தாவாகவே இருந்தாலும் குடும்ப அவசியமோ சொத்துக்கு நன்மையோ இருந்திருக்கணும், அதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கினவர் தலையில். விற்ற பணம் எந்தக் கணக்கில் ஏறியது, எந்தக் கடன் அடைபட்டது என்று வாங்கினவர் விசாரித்தாரா? விசாரிக்காமல் வாங்கியிருந்தால் அவருக்குக் கஷ்டம்தான்.

ராயக்கோட்டை_தோப்பு
எல்லாரும் சித்தப்பாவைத் திருடனாகவே வைத்துப் பேசுகிறீர்கள். 2 ஏக்கர் தோப்பை நாலு வருஷம் யாரோ ஒருவர் பார்த்துத்தானே ஆகணும்? உழவு, பூ மருந்து, காவல், கவாத்து, பட்டுப்போன மரம் வெட்டுக்கூலி, போர் மோட்டார் ரிப்பேர், எல்லாம் பணம். ஒரு வருஷம் நல்ல காய்ப்பு, மறு வருஷம் கால்வாசி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவர் கட்டியிருக்கலாம். அதையும் கணக்கில் எடுக்கணும்.

கோர்ட்_வராண்டா
எடுக்கணும்தான், கோர்ட்டும் எடுக்கும். பிரிவு 8(1) இயற்கை கார்டியன் மைனர் நன்மைக்காகச் செய்யும் நியாயமான காரியங்களை ஒப்புக்கொள்கிறது. பிள்ளைக்குச் செலவானது நிரூபணமானால், பத்திரத்தை ரத்து செய்யும்போது அந்த நன்மையைத் திருப்பித் தரச் சொல்லவும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 33-ல் இடம் இருக்கிறது. ஆகவே யார் நல்லவர் என்பதைவிட யாரிடம் தாள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரசீது இல்லாத நல்லவரும் கோர்ட்டில் மாட்டிக்கொள்வார்.

ராயக்கோட்டை_தோப்பு
அப்படியானால் கணக்கை எப்படிக் கேட்பது என்று நான் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த வேலை.

முதலில் மரத்தை எண்ணுங்கள். 30 அடிக்கு 30 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்குச் சுமார் 48 மரம் இருக்கும். 210 சென்ட்டில் நூறு மரம், 60 சென்ட் போனபின் எழுபது சொச்சம். ரகவாரியாகப் பிரித்து எழுதுங்கள்: பெங்களூரா எத்தனை, செந்தூரா எத்தனை, அல்போன்சா எத்தனை. பெங்களூரா கூழ் பேக்டரிக்கும் போகும், மற்றவை பெரும்பாலும் மண்டிக்கு. எடைச்சீட்டு தேடும் இடம் அதனால் வேறுபடும்.

அடுத்து, குத்தகை எந்தக் கட்டத்தில் பேசப்பட்டது என்று கேளுங்கள். பூ பார்த்துப் பேசியதா, பிஞ்சு பார்த்தா, காய் பார்த்தா? பூவில் பேசினால் விலை குறைவு, மருந்தும் காவலும் பெரும்பாலும் வியாபாரி தலையில். காய் பார்த்துப் பேசினால் விலை கூடும், மருந்துச் செலவு தோப்புக்காரர் தலையில். பூவில் குத்தகை விட்டுவிட்டு மருந்துச் செலவையும் கணக்கில் காட்டினால் அங்கேதான் பொய் பிடிபடும். வியாபாரி பணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கொடுப்பார், அவருடைய சின்ன டைரியில் தேதியோடு எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா நேரடியாக வெட்டி ஏற்றியிருந்தால் எடைச்சீட்டிலும் மண்டிப் பட்டியலிலும் டன், விலை, கமிஷன் கழிவு எல்லாம் வரும்.

ஒரு பருவத்துக்கு ஒரு தாள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கீழே மீதி, அதில் பிள்ளைகளின் பாதி. நாலு தாளையும் அவர் முன் வைத்து "சித்தப்பா, தப்பு இருந்தா திருத்திக் கொடுங்க" என்று கேட்கலாம். திருத்திக் கொடுத்தால் அவர் கையெழுத்தோடு உங்களுக்கு ஆதாரம் கிடைக்கிறது.

தென்பெண்ணை
அருமை. ஒன்று சேர்க்கிறேன். புன்செயில் அவர் கர்த்தா என்று நிலைநாட்டினால், பழைய செலவுக்கெல்லாம் வரிவரியாகக் கணக்குக் கேட்க முடியாது. கையாடலைக் காட்டினால்தான் முடியும். தோப்பில் அந்தக் கேடயம் அவருக்கு இல்லை. அங்கே அவர் வாரிசே இல்லாமல் வந்து நின்று வருமானம் வாங்கியவர், முழுக் கணக்கும் கொடுக்கணும். வழக்கில் இரண்டு சொத்துக்கும் ஒரே வாசகத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அரூர்_கணக்கர்
ஆவணங்கள், எந்த வரிசையில் எடுப்பது:

இறப்புச் சான்று, தாசில்தார் வாரிசுச் சான்று (இதில் பாட்டி பெயர் விடுபடாமல் இருக்கணும்), பிள்ளைகளின் பிறப்புச் சான்று. பிறகு பதிவுத்துறை இணையதளமான டிஎன்ரெஜிநெட்டில் இரண்டு சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் போடுங்கள். உட்பிரிவு எண் மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் தனியாகப் போடணும், இல்லாவிட்டால் பாதி பதிவு கண்ணில் படாது. வில்லங்கத்தில் தெரியும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுங்கள். பட்டா, அ-பதிவேடு, புலப்படம்.

கிரயப் பத்திர நகல் வந்ததும் இரண்டு பத்தியை நிறுத்திப் படிக்கணும். "மைனர்களின் கல்விக்காகவும் குடும்ப அவசரத்துக்காகவும்" என்று வரும் பத்தி. பணம் எப்படிக் கைமாறியது என்ற பத்தி. "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டோம்" என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நில விற்பனையில் ரூ.20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் தடை. மைனர் பங்குப் பணம் மைனர் பெயரிலான வங்கிக் கணக்குக்குப் போகவில்லை என்பதும் அதே பத்தியில் தெரிந்துவிடும்.

பர்கூர்_ரோடு
நன்றி. வழக்கு என்றால் யார் போடுவது? அம்மாவே போடலாமா? குடும்ப நல நீதிமன்றமா?

கோர்ட்_வராண்டா
இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மைனர் சார்பில் வழக்குப் போடுபவருக்கு மைனருக்கு எதிரான நலன் இருக்கக்கூடாது (உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 32, விதி 4). 2022 பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதே அம்மா. அதை ரத்து செய்யச் சொல்லி அவரே வாதியாக நின்றால் எதிர்த்தரப்பு முதல் நாளே பிடிக்கும். ஆகவே தாய்மாமன் "அடுத்த நண்பராக" வாதியின் சார்பில் நிற்கட்டும். அம்மாவைப் பிரதிவாதியாகச் சேருங்கள். அம்மாவிடம் இதைப் பொறுமையாக விளக்கணும். பிரதிவாதி என்ற சொல்லைக் கேட்டு உடைந்துபோய்விடுவார்கள். அவர்மீது குற்றம் சொல்ல அல்ல, தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்காக.

வழக்கு: பங்குப்பிரிவினை, 2022 பத்திரம் மைனர்களின் பங்கைப் பொறுத்து ரத்து, 2024 பத்திரம் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகை (கோர்ட்டின் உரிமை அறிவிப்பு), தோப்பு வருமானக் கணக்கு. இடம் பர்கூர் பக்கம் என்பதால் அந்த எல்லைக்குரிய உரிமையியல் நீதிமன்றம், மதிப்பைப் பொறுத்து. கூடவே இடைக்கால மனுவில் 40 சென்ட்டை விற்கக்கூடாது என்று தடை. தாவா தாக்கலான பிறகு யார் வாங்கினாலும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். சார்பதிவாளருக்கு ஆட்சேபக் கடிதம் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உரிமை யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

குடும்ப நல நீதிமன்றம் பிள்ளையின் பராமரிப்பு, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு. சொத்துக்குக் கார்டியன் நியமனமோ, விற்க அனுமதியோ வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (காப்பாளர் சட்டப்படியான) மனு.

செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு (1987 சட்டம், பிரிவு 12). மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாள் மனு போதும்.

பத்திரக்கட்டு
அம்மாவுக்கு இன்னொன்றையும் சொல்லியாகணும், பிறகு அதிர்ச்சியாகக்கூடாது. 60 சென்ட் விற்பனையில் அம்மா பங்கும் பாட்டி பங்கும் செல்லும். பிள்ளைகள் பங்குதான் ரத்தாகும். இறுதித் தீர்ப்பில் வாங்கினவர் என்ன கேட்பார் தெரியுமா? "நான் வாங்கிய 60 சென்ட்டை அம்மா, பாட்டி பங்கிலேயே ஒதுக்குங்கள்" என்பார். கோர்ட் பெரும்பாலும் அந்த நியாயத்தைப் பார்க்கும். அப்போது மீதி 150-ல் பிள்ளைகளுக்கு 105 முழுசாக வரும், அம்மாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து 45 மிஞ்சும், ஆளுக்கு 22.5. பிள்ளைகள் ஜெயிக்கும்போது அம்மாவின் நிலம் கரையும். இதைத் தெரிந்துகொண்டு போட்டால் வழக்கு நடுவில் அம்மா பின்வாங்க மாட்டார்.

ராயக்கோட்டை_தோப்பு
ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தால் இத்தனை அலைச்சல் இல்லையே? சித்தப்பா ரோட்டோரம் 30 சென்ட் எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தால்?

தென்பெண்ணை
பேசலாம், நல்லதுதான். ஆனால் பேசி முடித்ததை விடுதலைப் பத்திரமாக (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி, அம்மா பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டால் மறுபடி அதே பிரிவு 8(2) மீறல். சரியான வழி: வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பேசி முடித்ததைச் சமரச மனுவாகக் கோர்ட்டில் வைத்து, கட்டளை 32, விதி 7-ன்படி மைனருக்கு நன்மை என்று அனுமதி வாங்குவது. வக்கீலும் அதற்குத் தனியாகச் சான்று கொடுக்கணும். நியாயமில்லாத பிரிவினையைப் பிறகு மைனர் திறந்துவிடலாம் என்று ரத்தினம் செட்டியார் - குப்புசாமி செட்டியார் வழக்கிலேயே (1976) முடிவாகிவிட்டது. கோர்ட் முத்திரை இருந்தால் சித்தப்பாவுக்கும் அது பாதுகாப்பு.

இன்னொன்று. 2025 அக்டோபரில் கே.எஸ். சிவப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், மேஜரானவர் வழக்குப் போடாமலே தெளிவான செயலால், உதாரணமாகத் தானே வேறொருவருக்கு விற்று, பழைய விற்பனையை நிராகரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "வழக்கே வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். அங்கேயும் அந்தச் செயல் 3 வருஷத்துக்குள் நடக்கணும். வாங்கினவர் வேலி போட்டு அனுபவத்தில் இருக்கும் இடத்துக்கு வழக்கே நல்லது.

பர்கூர்_ரோடு
வில்லங்கம் எடுத்தாயிற்று. எதிர்பாராத ஒரு பதிவு. 2023-ல் பாட்டி, தோப்பில் மீதி 150 சென்ட்டில் "பொதுவில் பாதி, 75 சென்ட்" என்று சித்தப்பாவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

பத்திரக்கட்டு
பதற வேண்டாம். பாட்டிக்கு இருந்தது 52.5. அதில் 60 சென்ட் விற்பனையில் அவர் பங்கு 15 போனது. மீதி 37.5. இல்லாததை யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. 75 என்று எழுதினாலும் 37.5-க்கு மேல் சித்தப்பாவுக்குப் போகவில்லை, நான் மேலே சொன்ன ஒதுக்கீடு நடந்தால் 22.5 ஆகவும் குறையும். ஆனால் இனி சித்தப்பா தோப்பில் கூட்டு உரிமையாளர். 2023-க்குப் பிந்தைய குத்தகையில் அவர் பங்கு வருமானத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடணும். முந்தைய பருவங்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பட்டாவில் 75 என்று ஏற்றிவிட்டார்களா என்று உடனே பாருங்கள், ஏற்றியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு.

கோர்ட்_வராண்டா
அந்தப் பத்திரத்தையும் வழக்கில் சேர்த்து "37.5-க்கு மேல் கட்டுப்படுத்தாது" என்று கேளுங்கள். பாட்டியும் பிரதிவாதி.

பெண்ணின் பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றில் பாருங்கள், பள்ளி டி.சி.யில் உள்ள தேதி வேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். 3 வருஷக் கடிகாரம் அந்தத் தேதிப்படி 18 முடியும் நாளில்தான் தொடங்கும். அக்காவுக்கு ஓடும் காலம் தம்பிக்கும் ஓடும் என்று எதிர்த்தரப்பு காலவரையறைச் சட்டம் பிரிவு 7-ஐக் காட்டக்கூடும், புன்செய் விஷயத்தில் குறிப்பாக. அதனால் இருவர் பெயரிலும் ஒரே நாளில் தாக்கல். வழக்கு நடக்கும்போது அவளுக்கு 18 ஆகும். அன்றைக்குப் பிறகு தாய்மாமன் அவளுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. கட்டளை 32, விதி 12-ன்படி அடுத்த நண்பரை விடுவித்து, தன் பெயரிலேயே வழக்கைத் தொடர்வதாக அவள் மனுப் போடணும். அந்த மனுவையும் புது வக்காலத்தையும் பிறந்தநாளுக்கு முன்பே தயார் செய்து வக்கீல் கட்டில் வைத்துவிடுங்கள்.